லேத் பட்டறையைக் காலி செய்து இரும்பு விற்ற அனுபவம்

அப்பாவின் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடைகிற மெஷின்) பட்டறையை மூடுவது என்று முடிவானதும் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், "பழைய இரும்பு இப்ப கிலோ என்ன விலைங்க?" விற்று முடித்தபின் சொல்கிறேன், அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டு மல்லுக்கட்டுவதில் கிடைப்பது கொஞ்சம்தான். எதை எதோடு சேராமல் பிரித்து வைக்கிறோம், எந்த எடை மேடையில் நிறுத்துகிறோம் என்பதில்தான் பணம் இருக்கிறது. இதே வேலை உங்களுக்கும் வரலாம் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பட்டறை கோயம்புத்தூர் கணபதியில். பம்ப் ஷாஃப்ட் கடைவது, புஷ் போடுவது என்று அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க். இரண்டு லேத், ஒரு ஷேப்பர் (இரும்பின் மேல்பரப்பைச் சீவிச் சமமாக்குகிற மெஷின்), டிரில்லிங் மெஷின், பவர் ஹேக்ஸா, வெல்டிங் செட், கம்ப்ரசர், அப்புறம் மூலைக்கு மூலை "எதுக்காவது ஆகும்" என்று அப்பா சேர்த்து வைத்த துண்டு இரும்பு.

முதலில் செய்ய வேண்டியது, ஓடுகிற மெஷினை இரும்பு விலைக்குத் தள்ளிவிடாமல் இருப்பது. பழைய இரும்புக்காரர் உள்ளே வந்ததுமே "மொத்தமா ஒரு ரேட்டு பேசிக்கலாமுங்க" என்றார். அந்த மொத்தத்துக்குள் லேத்தும் அடக்கம். செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கி விற்பவர்கள் தனி ஆட்கள், அவர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். வந்தவர் எடுத்ததும் மோட்டாரைப் போடச் சொல்லவில்லை, கடைகிற துண்டைப் பிடிக்கும் சக் பக்கத்தில், பெட் என்கிற நீளமான அடித்தளத்தின் மேல் விரலை ஓட்டித் தேய்மானம் எவ்வளவு என்று பார்த்தார், அதற்குப் பிறகுதான் கியர் சத்தம் கேட்டார். ஒரு லேத்தும் டிரில்லிங் மெஷினும் மெஷினாகவே போயின. ஷேப்பரை யாரும் சீண்டவில்லை. மில்லிங் மெஷினும் கம்ப்யூட்டரில் ஓடுகிற விஎம்சியும் வந்தபின் ஷேப்பருக்கு வேலை எங்கே இருக்கிறது? அது காஸ்டிங், அதாவது வார்ப்பிரும்புக் கணக்கில்தான் போனது. அப்பாவுக்கு அதில் வருத்தம், ஆனால் சொல்லவில்லை. ஃபோர் ஜா சக், வைஸ், ஓடுகிற மோட்டார்கள் எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக விற்றோம்.

பிரிக்கிற வேலைதான் ரொம்ப நேரம் பிடித்தது, காசும் அதில்தான் வந்தது. மைல்டு ஸ்டீல் துண்டு ஒரு குவியல், வார்ப்பிரும்பு ஒரு குவியல், தகரம் ஒரு குவியல், எவர்சில்வர், கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்), பித்தளை, அலுமினியம், தாமிரம் தனித்தனி. கலந்து போட்டால் என்ன ஆகும் என்று கடைக்காரரே சொன்னார்: "கலந்து போட்டீங்கன்னா எல்லாத்துக்கும் தகர ரேட்டுத்தானுங்க." அதாவது இருப்பதிலேயே மட்டமான சரக்கின் விலைதான் குவியல் முழுவதற்கும். அவர் கொண்டுபோய் ஆள் வைத்துப் பிரிப்பார், அந்தக் கூலியும் லாபமும் நம் பையிலிருந்து போகிறது, அவ்வளவுதான்.

எது எந்த இரும்பு என்று துருப்பிடித்த துண்டைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். அப்பா பெஞ்ச் கிரைண்டரை மட்டும் கடைசிவரை கழற்ற விடாததற்குக் காரணம் இதுதான். துண்டை வீலில் லேசாக வைத்துப் பொறியைப் பார்ப்பார். மைல்டு ஸ்டீல் என்றால் நீளமான வெளிர்மஞ்சள் கோடுகளாகப் பறக்கும். கார்பன் கூடக் கூட நுனியில் மத்தாப்பு மாதிரி வெடித்துக் கிளை பிரியும். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாக, சிவப்பாக, வீலை விட்டு ரொம்ப தூரம் போகாமலே அணைந்துவிடும். ஹை ஸ்பீட் ஸ்டீல் டூல் பிட், டிரில் பிட் என்றால் மங்கிய சிவப்பில் நாலே நாலு கோடு, அதில் டங்ஸ்டனோ மாலிப்டினமோ இருப்பதால் இரும்போடு சேர்த்துப் போடவே கூடாது, வாங்குகிறவர்களே தனி. எவர்சில்வருக்குக் காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. 304 கிரேடிலும் காந்தம் ஒட்டாது, நிக்கல் குறைவான 202 கிரேடிலும் ஒட்டாது. விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. எவர்சில்வர் மேல் ஒரு சொட்டு கெமிக்கல் விட்டு நிறம் பார்க்கிற கடைக்காரரிடம் நம் கண் முன்னாலேயே பார்க்கச் சொன்னோம்.

டர்னிங் மூட்டைகள் ஒரு தலைவலி. லேத்தில் சீவி விழுகிற சுருளும், வார்ப்பிரும்பு கடைந்த தூளும் சாக்கு சாக்காகக் கிடந்தன, கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் ஆயிலில் ஊறி, மழைச் சாரலும் பட்டு, சிலது கட்டிதட்டிப் போய். இதற்கு ஏன் இவ்வளவு குறைந்த விலை என்று கேட்டேன். மெல்லிசாக இருப்பதால் துரு சீக்கிரம் தின்றுவிடும், உருக்கும்போது எரிந்து சேதாரமாவதும் அதிகம், எண்ணெய் புகையும். அதைவிட முக்கியம் ஈரம். உருகிய இரும்பு 1,500 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும், அதற்குள் ஈரச் சரக்கு போனால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி ஃபர்னஸ் வெடித்த மாதிரி உலோகத்தை வெளியே அள்ளி வீசும். மூடிய குழாய், ஷாக் அப்சார்பர், சிலிண்டர் இவற்றுக்கும் இதே ஆபத்து. எங்கள் கம்ப்ரசர் டேங்கைக் காற்றைத் திறந்துவிட்டு, பாதியாக வெட்டிக் காட்டிய பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். விலையைக் குறைக்கச் சொல்கிற சாக்கு என்றுதான் முதலில் தோன்றும், ஆனால் இது நியாயமான பயம். டர்னிங்கை மொட்டை மாடியில் கொட்டி வெயிலில் காயவிட்டோம். எடை குறைந்ததுதான், ஆனால் "ஈரத்துக்குக் கழிவு" என்று கண்மதிப்பில் பத்து பங்கில் ஒன்றைப் பிடிக்கிற பேச்சு அத்தோடு நின்றது.

வார்ப்பிரும்புக்கு நாங்கள் கடைக்கே போகவில்லை. கோவையில் இருந்துகொண்டு அதைச் சில்லறைக் கடையில் போடுவது வீண், இரும்பை உருக்கி வார்க்கிற ஃபவுண்டரி இருக்கிற ஊர் இது. அப்பாவுக்குப் பழக்கமான ஒரு ஃபவுண்டரியில் கேட்டதும் சரி என்றார்கள், ஆனால் பெயின்ட், மண், இரும்பு போல்ட் எதுவும் இல்லாமல் ஒரு ஆள் தூக்கிப் போடும் அளவுக்கு உடைத்துக் கொண்டுவர வேண்டும். வார்ப்பிரும்பு நொறுங்கும் குணம் உள்ளது, அதனால் சம்மட்டி போதும், கேஸ் கட்டிங் செலவு இல்லை. ஷேப்பரின் பாடிக்கு மட்டும் ஆள் வைத்தோம். மைல்டு ஸ்டீல் எல்லாம் பெரிய குடோன் ஒன்றுக்குப் போனது. அங்கிருந்து இன்டக்‌ஷன் ஃபர்னஸுக்குப் போய் உருகி, பில்லட் என்கிற கட்டையாகி, கம்பியாக வரும், அதனால்தான் கட்டடக் கம்பி விலை ஏறி இறங்கும்போது பழைய இரும்பு விலையும் கூடவே ஆடுகிறது. குடோன்காரர்களுக்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ரேட் வந்துவிடுகிறது. நாம் போன வாரம் கேட்ட விலையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

சரி, எடை. வண்டியை வே பிரிட்ஜில் ஏற்றுவது என்றால் மேடையை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், வாங்குகிறவருக்குத் தெரிந்த மேடை வேண்டாம். காலி வண்டி எடைதான் விளையாட்டு நடக்கிற இடம். காலியாக நிறுக்கும்போது லோடுமேன் எல்லாரும் கேபினில் உட்கார்ந்திருப்பார்கள், லோடோடு நிறுக்கும்போது டீ குடிக்க இறங்கிவிடுவார்கள். மூன்று பேர் இறங்கினால் கிட்டத்தட்ட இருநூறு கிலோ நம் சரக்கில் மாயம். இரண்டு தடவையும் டிரைவர் உட்பட எல்லாரும் இறங்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், ஒருத்தர் முறைத்தார், முறைக்கட்டும். நேரம் அச்சடித்த சீட்டு இரண்டு தடவைக்கும் வாங்கி வைத்தேன். வே பிரிட்ஜ்கள் பெரும்பாலும் 5 கிலோ, 10 கிலோ படியில்தான் காட்டும், அதனால் தாமிரம், கன்மெட்டல் மாதிரி விலை உயர்ந்ததை அதில் ஏற்றவே கூடாது. அதெல்லாம் சின்ன எலக்ட்ரானிக் தராசில், நாமே எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துப் பார்த்த பிறகு. தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், தமிழ்நாட்டில் அதைச் சோதிப்பது தொழிலாளர் துறை, புகாரும் அங்கேதான்.

தாமிரம் என்றதும் ஒன்று. எரிந்துபோன மோட்டார்களில் இருப்பது எல்லாமே தாமிரம் இல்லை, சிலவற்றில் அலுமினியக் கம்பிதான் சுற்றியிருக்கும், மேலே எனாமல் பூச்சு இருப்பதால் செம்பு நிறமாகத் தெரியும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். வயரைக் கொளுத்தித் தாமிரம் எடுக்காதீர்கள், பிவிசி புகை விஷம், தாமிரமும் கருத்து விலை குறையும். நாங்கள் உட்கார்ந்து உரித்தோம்.

கடைக்காரர் தொடவே மாட்டேன் என்ற பொருள் ஒன்று உண்டு. இரும்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிற பட்டடையாக வைத்திருந்த தண்டவாளத் துண்டு. எந்தக் காலத்திலோ யாரோ கொடுத்தது. "அது ரயில்வே சொத்துங்க, என் கடையில பாத்தா என்னையத்தான் பிடிப்பாங்க" என்றார். ரயில்வே சொத்தைக் கணக்கு இல்லாமல் வைத்திருப்பதற்கே 1966ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, அவர் பயம் நியாயம்தான்.

பில் விஷயத்தில் நிறைய ஆசை காட்டினார்கள், பில் இல்லாமல் கொடுத்தால் கிலோவுக்குக் கூட்டித் தருகிறேன் என்று. அப்பாவின் ஜிஎஸ்டி பதிவு உயிரோடு இருந்ததால் இன்வாய்ஸ் போட்டே கொடுத்தோம், பழைய இரும்புக்கு 18 சதவீதம். வாங்குகிறவருக்கும் ஜிஎஸ்டி நம்பர் இருந்தால் அவர் அதைக் கிரெடிட் எடுத்துக்கொள்வார், அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார், அவருக்கு நஷ்டம் இல்லை. பதிவு இல்லாத தொழில்காரர்கள் பதிவுள்ள வியாபாரிக்கு விற்றால் 2024 அக்டோபர் 10 முதல் வரியை அந்த வியாபாரிதான் கட்ட வேண்டும், அதைச் சொல்லி உங்கள் விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள், அவருக்கும் அது கிரெடிட்டாகத் திரும்புகிறது என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டுகிற லோடுக்கு இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) வேண்டும். பணம் பேங்க் வழியாகவே. ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கினவருக்குத்தான் அபராதம்.

கடைசியாகப் போனது ஒரு பெயின்ட் டப்பா. லேத் டூலின் நுனியில் வைக்கிற கார்பைடு டிப்கள், தேய்ந்தவை, அப்பா பல வருடமாக அதில் போட்டு வைத்தது. இரும்போடு கொட்டியிருந்தால் இரும்பு விலைக்கே போயிருக்கும். கார்பைடு மட்டும் வாங்குகிற ஆள் ஒருத்தர் டூவீலரில் வந்து, பிரேஸ் பண்ணின (பித்தளையை உருக்கி ஒட்டின) டிப்புகளை "இதுல பித்தளை ஒட்டியிருக்குதுங்க" என்று ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் எடை போட்டு, இரும்பு விலையைப் போலப் பல மடங்கு கொடுத்துவிட்டுப் போனார். ஒதுக்கினதைக் கேஸ் டார்ச்சில் சூடு காட்டிக் கழற்றி வைத்தால் அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஜிஎஸ்டி ரத்துக்கு எழுதியாயிற்று, உத்தரவு வந்த மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர் 10 என்கிற கடைசிக் கணக்கைப் போட வேண்டும், ஆடிட்டரிடம் சொல்லியிருக்கிறேன்.