ஜியூஸ் சிப்: என் கணிப்பு

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த போல்ட் கிராஃபிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்த 'ஜியூஸ்' கிராஃபிக்ஸ் சிப் வெற்றிபெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கிராஃபிக்ஸ் கார்டுகளில் என்விடியா வைத்ததே விலை என்ற நிலை மாற வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவ் (யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய சிப் கட்டளைத் தொகுதி) அடிப்படையிலான சிப் இது. எனக்கு மிகவும் பிடித்தது நினைவகம்தான். மடிக்கணினியில் செருகும் அதே வகை டிடிஆர்5 ரேம்களை கார்டிலேயே செருகிக் கூட்டிக்கொள்ளலாம். பெரிய மாடலில் 384 ஜிபி வரை போகலாம் என்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டில் இருப்பது 32 ஜிபி! பிரம்மாண்டமான அனிமேஷன் காட்சிகளை ரெண்டர் செய்பவர்களுக்கு, அதாவது 3டி மாதிரிகளைக் கணக்கிட்டுப் படமாக்குபவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய விடுதலை! வேகத்தில் அந்த ரேம் 5090-இல் உள்ள ஜிடிடிஆர்7 நினைவகத்துக்கு ஈடாகாது என்பது உண்மை.

பாத் டிரேசிங்கில் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் உருவாக்கும் முறை) 5090-ஐ விடப் பத்து மடங்கு வேகம் என்ற அறிவிப்பை மட்டும் நான் ஏற்கவில்லை. அது உண்மையான சிப்பில் அளந்தது அல்ல, சிமுலேஷன் கணக்கு. பின்லாந்தின் பிட்பாய்ஸ் நிறுவனமும் 1999-இல் கிளேஸ்3டி என்ற கிராஃபிக்ஸ் கார்டு பற்றிப் பெரிதாக ஆசை காட்டியது. அந்த கார்டு கடைக்கு வரவே இல்லை.

கேம்களிலும் உடனே சாதிக்காது. 2022-இல் ஆர்க் கிராஃபிக்ஸ் கார்டுகளுடன் வந்த இன்டெலே டைரக்ட்எக்ஸ் 9 என்ற விண்டோஸ் கிராஃபிக்ஸ் மென்பொருளின் பழைய பதிப்பில் எழுதிய கேம்களில் திணறியது. கேம்களையும் கார்டையும் இணைக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுவது அவ்வளவு கடினமான வேலை. ரெண்டரிங் ஸ்டுடியோக்களில்தான் ஜியூஸ் முதலில் காலூன்றும் என்று நினைக்கிறேன். வெளியார் நடத்தும் சோதனை முடிவுகளுக்காக ஆவலோடு காத்திருக்கிறேன்.