லேடெக்ஸ் உடுத்தும் நாளில் கொலுசைக் கழற்றுங்கள்

சேலத்துப் பெண்ணின் லேடெக்ஸ் (மெல்லிய ரப்பர்) பாவாடைக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி அவள் காலிலேயே கிடக்கிறது. கொலுசு வெள்ளியில் கெட்டிப்படச் செம்பு சேர்ப்பார்கள்; 22 காரட் சங்கிலியிலும் செம்பு உண்டு. செம்போ பித்தளையோ பட்ட இடத்தில் வெளிர் நிற லேடெக்ஸ் பழுப்பாகக் கறைபடும். அந்தக் கறை உடனே தெரியாது, தெரிந்தபின் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு தொட்டாலே போதும். கொலுசும் தப்பாது: ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கடிக்கும்.

அடுத்த வில்லன் தேங்காய் எண்ணெய். லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால்தானே. எண்ணெயில் ஊறி உப்பி நைந்துபோகும். எண்ணெய் வைத்துப் பின்னிய சடை முதுகில் புரளும் நாளில் இந்த உடை வேண்டாம். வாசலின், பாடி லோஷனுக்கும் இதே தடைதான். வழுக்கிப் போட்டுக்கொள்ள வாசனையில்லாத டால்கம் பவுடர், அல்லது கலப்பில்லாத சிலிக்கான் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இரண்டும் சேர்ந்தால் களிம்பாகிவிடும், ஏதாவது ஒன்று போதும்.

பெரும்பாலான உடைகளின் தடிமன் 0.4 மி.மீ. மட்டுமே. சுருட்டிப் பிடித்து, நகம் படாமல் விரல் நுனிச் சதையாலும் உள்ளங்கையாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் அங்கேதான் கிழியும். ஜிப் போடும்போது இரு பக்கத்தையும் முதலில் கையால் சேர்த்துப் பிடியுங்கள். இதில் தையல் கிடையாது, எல்லாம் பசை ஒட்டு.

பலூன் ஊதினால் உதடு அரிப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஏற்காட்டு பட்டர் ஃப்ரூட்டும்கூட ஒத்துக்கொள்ளாது.

துவைப்பதை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள், வியர்வை உள்ளேயே தங்கும். வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு மென்மையான திரவ சோப்பு விட்டு, உட்புறத்தைக் கையால் வருடிக் கழுவவும், முறுக்கிப் பிழியக்கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கறுப்பு உடையில் வெள்ளைத் திட்டு விழும், ஆகவே கடைசி அலசல் குடிக்கிற தண்ணீரில். அகலமான பிளாஸ்டிக் ஹேங்கரில் நிழலில் ஒரு பக்கம் காய்ந்ததும் உள்ளே வெளியே திருப்பிப் போடுங்கள். ஈரத்தில் நிறம் வெளுத்தாற்போல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், காய்ந்ததும் திரும்பும். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் ஒரு ராத்திரி முழுக்கக்கூட ஆகும். அவசரப்பட்டு ஹீட்டர் அருகே வைக்காதீர்கள், இஸ்திரி பக்கமே போகாதீர்கள்.

நன்றாகக் காய்ந்தபின் இரு பக்கமும் பவுடர் தூவாவிட்டால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு கறுப்புப் பையில் போட்டு, பீரோவுக்குள். வெளிர் நிறத்தைத் தனியாக வையுங்கள், பக்கத்து உடையின் சாயம் ஏறிவிடும்.

சின்னக் கிழிசலுக்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் முறைதான். அதே தடிமனில் முனை மழுங்கிய ஒட்டு வெட்டி, பவுடரை முழுக்கத் துடைத்து, ரப்பர் சொல்யூஷனை ஒட்டிலும் கிழிசலைச் சுற்றியும் மெல்லத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை 5 முதல் 10 நிமிடம் காத்திருந்து அழுத்துங்கள். பதம் வருமுன் ஒட்டினால் ஓரம் சுருண்டு எழும்பும். ஒரு நாள் கழித்தே உடுத்தலாம்.