பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கும் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்ற பதிலும்

பல ஆண்டுகளாகப் புகைப்படங்களைச் சேர்த்துவைத்திருந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைத் தொட்டாலே நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, சற்று நேரத்தில் கணினியிலிருந்தே மறைந்துபோகத் தொடங்கியது. கேபிளை மாற்றியும் பயனில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்தால், "கணினியில் டிஸ்க் தெரிகிறதல்லவா, அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறது, செக் டிஸ்க் ஓட்டுங்கள், சரியாகாவிட்டால் ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்றார் மறுமுனையில் இருந்தவர். உள்ளே இருக்கும் கோப்புகள் என்னவாகும் என்று கேட்டதற்கு, அவை வாரண்டியில் அடங்காது என்பதே பதில்.

அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. செக் டிஸ்க் என்பது டிஸ்க்கின் பிழைகளைத் தேடும் விண்டோஸ் கருவி. அதன் பழுதுநீக்கும் முறை, செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மீதே எழுதும். மீட்டிருக்கக்கூடிய கோப்புகளும் அதில் போய்விடலாம். முதலில் முழு நகல், பழுதுபார்ப்பதெல்லாம் நகலின் மீது என்ற வரிசையை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பல யுஎஸ்பி பெட்டிகள் எளிதில் தருவதில்லை. அந்த அறிக்கையைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் 'சாட்' என்ற இணைப்பு வகை என்று குறிப்பிட்ட பிறகே என்னுடையது வாய் திறந்தது. மேலே 'பாஸ்டு' (தேறிவிட்டது) என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதை நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியவை 5, 197 என்ற எண்களுக்கு நேரே உள்ள கடைசி மதிப்புகள். முன்னது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களையும் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்), பின்னது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்களையும் எண்ணுகிறது. என் டிஸ்க்கில் 197 ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறியிருந்தது.

பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நிரல் மூலம் நகலெடுத்தேன். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு ஒன்றைக் கொடுத்துத் தொடங்கினால், இடையில் டிஸ்க் துண்டித்துக்கொண்டாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். புதிய டிஸ்க்கில், பழையதில் நிரம்பிய அளவுக்கு மட்டுமல்ல, அதன் முழுக் கொள்ளளவுக்கும் இடம் வேண்டும்.

உண்மையான தலைவலி அதன் பிறகுதான் வந்தது. படிக்க முடியாத செக்டர்கள் நகலில் வெறும் பூஜ்யங்களாக நிற்கும். கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாகவே இருக்கும், திறந்தால் மட்டும் படத்தின் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது நடக்கிற காரியமல்ல. டிடிரெஸ்க்யூவிலேயே ஃபில் மோட் என்றொரு வசதி உண்டு: கெட்ட இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லை நிரப்பிவிடும். எந்தப் படத்திலும் வர வாய்ப்பில்லாத நீளமான ஒரு சொல்லை நிரப்பி, நகலை 'படிக்க மட்டும்' என்ற முறையில் மவுன்ட் செய்து (கணினியில் இணைத்துத் திறந்து), அந்தச் சொல்லைக் கோப்புகளுக்குள் தேடும் கிரெப் கட்டளையில் தேடியவுடன், ஓட்டை விழுந்த கோப்புகளின் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. இத்தனை அலைச்சலில் எனக்கு வாய்த்த ஒரே குதூகலம் அதுதான். பட்டியலில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை பழைய டிவிடிகளில் நல்ல நிலையில் கிடைத்தன. சில கிடைக்கவே இல்லை.

இப்போது எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடு) பட்டியல் எடுத்து, இரண்டு டிஸ்க்குகளிலும் வைத்திருக்கிறேன். பேக்கப் எடுக்கப் பயன்படும் ஆர்சிங்க் நிரல் வழக்கமாக அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடுவதால், உள்ளே கெட்டுப்போனதை அது கண்டுகொள்ளாது; பேக்கப் எடுப்பதற்கு முன் செக்சம் பட்டியலோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். முக்கியமான ஃபோல்டர்களுக்குப் பார்2 என்ற மீட்புக் கோப்புகளும் உருவாக்கியிருக்கிறேன். அவை சிறிய சேதத்தைத் திருத்தவும் செய்யும், செக்சம் சேதத்தைச் சொல்ல மட்டுமே செய்யும்.