கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியபடி ஓர் உலகச் சுற்று

உலகைச் சுற்றிவரும் கப்பலில் நானும் கணவரும் போய்வந்தோம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எந்தெந்த ஊர்களைப் பார்த்தீர்கள் என்பதுதான். கேட்பது இயல்பே. ஆனால் சனவரித் தொடக்கத்தில் சவுத்தாம்ப்டனில் ஏறி ஏப்ரல் இறுதியில் அதே துறைமுகத்தில் இறங்கும் இத்தகைய பயணத்தில், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் கரையே கண்ணில் படுவதில்லை. பெரும்பாலான துறைமுகங்களில் காலையில் இறங்கினால் மாலைக்குள் ஏறிவிட வேண்டும். அதற்குள் ஒரு நாட்டைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் முழுமையாக வாழ்ந்த இடம் கப்பல் ஒன்றுதான். ஆகவே கடல் நாட்களைப் பற்றியும், அவற்றை ஆண்ட கப்பல் கடிகாரத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

எங்கள் பயணம் மேற்கு நோக்கியது. அட்லாண்டிக்கைக் கடந்து ஃபுளோரிடா, அங்கிருந்து பனாமா கால்வாய், சான் பிரான்சிஸ்கோ, ஹவாய், சமோவா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கொழும்பு, மொரீசியஸ், தென்னாப்பிரிக்கா, நமீபியா என்று போய், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே திரும்பினோம். முன்பெல்லாம் இந்தியப் பெருங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாகத் திரும்புவது வழக்கமாக இருந்தது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு, பல நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. அதனால் கடல் நாட்கள் மேலும் கூடிவிட்டன.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது என்பதால், 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அந்தக் கணக்கைக் கப்பலில் உடம்பால் உணர முடிகிறது. சில நாட்களுக்கு ஒருமுறை, இரவு உணவு முடிந்து அறைக்குத் திரும்பும்போது, மறுநாள் நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட தாளோடு ஒரு சிறிய அட்டையும் படுக்கையின் மேல் கிடக்கும். இன்றிரவு உறங்கப் போகுமுன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கவும் என்று அதில் எழுதியிருக்கும். அதாவது அந்த நாளுக்கு 25 மணி நேரம். விமானத்தில் போனால் இந்த வேறுபாடு முழுவதும் ஒரே இரவில் தலையில் இறங்கி, நான்கைந்து நாள் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். கப்பலிலோ அது சிறிது சிறிதாக வருவதால், கூடுதலாக ஒரு மணி நேரம் உறங்கினோம் என்ற நிறைவு மட்டுமே மிஞ்சுகிறது. ஆனாலும் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது இது அடுத்தடுத்து வந்ததால், அதிகாலை நான்கு மணிக்கே விழிப்புத் தட்டிவிடும். அந்த நேரத்தில் மேல்தளத்துக்குப் போனால், எங்களைப் போலவே விழித்துக்கொண்ட முதியவர்கள் பத்துப் பதினைந்து பேர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் நட்புகளில் பாதி அங்கே தொடங்கியவை.

கைப்பேசியை நம்பக் கூடாது என்பதை எல்லோரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். கரையோரத்தில் ஏதாவது ஒரு கோபுரத்தின் அலைவரிசை கிடைத்தால் அது அந்த நாட்டின் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் அந்த நேரத்தைப் பின்பற்றுகிறதா என்பது கேப்டனின் முடிவைப் பொறுத்தது. துறைமுகத்தில் ஐந்து மணிக்குள் ஏற வேண்டும் என்றால், அது கப்பலின் ஐந்து மணி. அதனால் பலரும் பெட்டிக்குள் கிடந்த பழைய கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களுக்கு இது விளையாட்டான செய்தியல்ல. என் கணவர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, வேளை எப்படி நகர வேண்டும் என்று ஒரு அட்டவணை எழுதி வாங்கி வந்திருந்தார். இத்தகைய பயணத்துக்குப் போகும் பெரியவர்கள் அனைவரும் இதைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

கடல் நாளின் நடுப்புள்ளி நண்பகல். சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கப்பலின் ஊதல் ஒலிக்கும். பிறகு கேப்டனின் குரல் ஒலிபெருக்கியில் வரும். நாம் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, முந்தைய நண்பகலிலிருந்து கடந்த தொலைவு, காற்றின் திசையும் வேகமும், கப்பலுக்குக் கீழே கடலின் ஆழம் எல்லாவற்றையும் சொல்வார். அந்த சில நிமிடங்கள் உணவுக்கூடத்தில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிடும். எங்கள் மேசையில் ஒரு முதியவர் பள்ளிப் பிள்ளைகளின் அட்லஸ் ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நாளும் அந்த எண்களைக் கேட்டுப் பென்சிலால் புள்ளி வைப்பார். பசிபிக் பக்கத்தில் அந்தப் புள்ளிகள் நீல நிறத்துக்கு நடுவே, எந்தத் தீவின் பெயரும் அருகில் இல்லாமல், வரிசையாக இறங்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோதுதான் அந்தக் கடலின் அளவு எனக்குப் புரிந்தது. ஹொனலூலுவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு மட்டும் ஏறக்குறைய ஐந்து நாள்.

மற்ற நேரமெல்லாம் எப்படிப் போகிறது என்றால், சலிப்பு வரும் என்று நான் அஞ்சியதற்கு நேர்மாறாகப் போதாமல் போகிறது. காலையில் நடைத்தளத்தில் சுற்றிச் சுற்றி நடப்பது, பத்து மணிக்கு வரவிருக்கும் நாட்டைப் பற்றிய சொற்பொழிவு, பிறகு பாடகர் குழுப் பயிற்சி, சீட்டாட்டம், வினாடி வினா. வினாடி வினாக் குழுக்கள் முதல் வாரத்தில் அமைந்தால் கடைசி வரை மாறுவதில்லை. அவற்றுக்குள் எழும் மனத்தாங்கல்களைத் தீர்ப்பதும் சிலருக்கு ஒரு வேலை. பூமத்திய ரேகையைக் கடக்கும் நாளில் கடலரசன் வேடமிட்டவர் முன்னிலையில் நடக்கும் சடங்கும் உண்டு. அதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு ஏற்படவில்லை.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான இடம் துணி துவைக்கும் அறை. துணியைச் சலவைக்குக் கொடுத்தால் கட்டணம் அதிகம்; ஆகவே பயணிகள் தாமே துவைத்துக்கொள்ள ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சிறிய அறை வைத்திருக்கிறார்கள். சன்னல் கிடையாது, உலர்த்தும் எந்திரங்களின் வெப்பமும் சோப்பின் வாசனையும் நிறைந்திருக்கும். ஓய்வுபெற்ற நீதிபதியும் பேருந்து ஓட்டியவரும் அங்கே ஒரே வரிசையில்தான் காத்திருப்பார்கள். அடுத்த துறைமுகத்தில் காற்று பலமாக இருப்பதால் கரைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் டெண்டர் படகு விடமாட்டார்களாம், நேற்றிரவு ஒருவரை மருத்துவக் கூடத்துக்குக் கொண்டுபோனார்களாம் என்று கப்பலின் செய்திகள் அனைத்தும் அங்கேதான் முதலில் வரும். பெருங்கடல் நடுவே நோய்வாய்ப்படுபவர்களும் உண்டு, இறந்துபோகிறவர்களும் உண்டு. முழுச் சுற்றுக்கும் வருபவர்களில் மிகுதியானோர் எழுபது வயதைக் கடந்தவர்கள். தம் கணவரின் சட்டைகளைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டே, கடந்த ஆண்டு அவரோடு இதே பயணத்துக்குப் பதிவு செய்திருந்ததாக ஓர் அம்மையார் என்னிடம் சொன்னார். சட்டைகளை ஏன் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. தாமே அணிவதாக அவர் சொன்னார்.

பனாமாவில் ஒரு வேடிக்கையான நில அமைப்பைக் கண்டோம். மேற்கே போவதற்காக அந்தக் கால்வாயில் நுழையும் கப்பல் உண்மையில் தென்கிழக்காகப் பயணம் செய்கிறது. பசிபிக் பக்க வாயில் அட்லாண்டிக் பக்க வாயிலைவிடக் கிழக்கே இருக்கிறது. கப்பலை நீரால் ஏற்றி இறக்கும் அடைப்புத் தொட்டிகளில், 1914-இல் திறந்த பழையவற்றின் அகலம் 33.5 மீட்டர்தான். எங்கள் கப்பலுக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடைவெளியில், கீழ்த்தளத்திலிருந்து கையை நீட்டினால் ஈரம் படிந்த கான்கிரீட்டைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. தண்டவாளத்தில் ஓடும் எந்திரங்கள் இரண்டு பக்கமும் இரும்புக் கயிற்றால் கப்பலை இழுத்துப் பிடித்து நடுவில் நிறுத்த, நீர் நிறைய நிறைய மூன்று படிகளில் 26 மீட்டர் உயரம் ஏறிக் காட்டுன் ஏரிக்குப் போனோம். இதற்கெல்லாம் செலவாவது அந்த ஏரியின் நன்னீர். அதனால்தான் 2023-இல் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்குக் கடக்கும் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிவந்தது.

பாகோ பாகோவிலிருந்து சமோவா நாட்டின் தலைநகரான ஆப்பியாவுக்கு ஓர் இரவில் போய்விடலாம். அந்த ஓர் இரவில் நாங்கள் ஒரு முழு நாளை இழந்தோம். இரண்டு தீவுகளுக்கும் இடையே பன்னாட்டுத் தேதிக்கோடு போவதால், கடிகாரம் காட்டும் மணி ஒன்றே; தேதி மட்டும் வேறு. 2011 வரை சமோவாவும் அந்தக் கோட்டுக்கு அமெரிக்க சமோவாவின் பக்கமே இருந்தது. வணிகமெல்லாம் நியூசிலாந்தோடும் ஆஸ்திரேலியாவோடும் இருக்க, அவர்கள் திங்கட்கிழமை வேலை தொடங்கும்போது இங்கே ஞாயிறாக இருந்தால் எப்படிச் சரிப்படும்? ஆகவே அந்த ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாளையே விட்டுவிட்டு, வியாழன் இரவு படுத்து சனிக்கிழமை எழுந்தார்கள். எங்கள் கப்பலில் அப்படி மறைந்துபோன நாளில் ஓர் அம்மையாருக்குப் பிறந்தநாள். சமையற்கூடத்தார் முதல் நாள் மாலையிலேயே கேக் செய்து கொடுத்துவிட்டார்கள்.

உலகை முதன்முதலில் சுற்றிவந்த மெகல்லனின் குழுவினருக்கு இதைச் சொல்வதற்கு யாரும் இல்லை. 1522 சூலையில், எஞ்சியிருந்த விக்டோரியா கப்பல் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, அவர்களின் கணக்குப்படி புதன்கிழமை, கரையிலோ வியாழன். நாள் தவறாமல் குறிப்பெழுதிவந்த அந்தோனியோ பிகாஃபெட்டா எங்கே பிழை நேர்ந்தது என்று திகைத்து, பிறகுதான் சூரியனோடு சேர்ந்து மேற்கே போனதால் நேர்ந்தது என்று தெளிந்தார். பசியும் நோயும் பெரும்பாலோரைக் கொண்டுபோன பயணத்தில் ஒருவர் நாட்களை விடாமல் எண்ணியிருக்கிறார் என்பதை நினைத்து நினைத்து வியந்தேன்.

உணவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மறுநாளுக்கு வேண்டியதை முந்தைய மாலையே சொல்லிவிட்டால் சைவ உணவு நன்றாகவே கிடைக்கும். கையைக் கழுவாமல் உணவுக்கூடத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். வயிற்றுப்போக்குத் தொற்று பரவினால் கப்பல் முழுவதும் தாங்காது. நியூசிலாந்தில் இறங்கும்போது கைப்பையில் ஒரு ஆப்பிளைக்கூட அறிவிக்காமல் வைத்திருந்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் மேசையில் பரிமாறியவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. மூன்றாம் நாள் நானும் கணவரும் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, தண்ணீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடியே, "ஊரு எதும்மா?" என்றார். எட்டு மாத ஒப்பந்தம். அதில் ஒரு நாள்கூட முழு விடுமுறை கிடையாது. கடலில் பணிபுரிவோருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்பது 2013 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டு விதி. விதி இருப்பது நல்லது; ஆனால் அந்தப் பத்து மணி நேரத்துக்குள் குளிப்பதும் துவைப்பதும் வீட்டுக்குப் பேசுவதும் உறங்குவதும் அடங்க வேண்டும். "மேற்க போற டிரிப்புதாம்மா எங்களுக்கு நல்லது. அந்த ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம்லா" என்று அவர் சொன்ன நாள் முதல், படுக்கையில் அந்த அட்டையைக் காணும்போதெல்லாம் எங்களைவிட அவருக்காகவே மகிழ்ந்தேன். கொழும்பில் அவருக்கு மூன்று மணி நேரம் இறங்க வாய்த்தது. கரையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்ததே போதும் என்று சொல்லிவிட்டு, மாலை தேநீர்ப் பணிக்குத் திரும்பிவிட்டார்.

இந்தியப் பெருங்கடலில் இலங்கை நேரத்துக்காக அரை மணிக் கணக்கெல்லாம் வந்தது. அதன் பிறகு தென்னாப்பிரிக்காவை அடைந்ததும் கடிகாரம் நெடுநாள் அசையவில்லை. வடக்கு நோக்கிய பயணத்தில் தீர்க்கரேகை அவ்வளவாக மாறுவதில்லை. கடைசி வாரத்தில் அட்லஸ்காரர் கூட்டிப் பார்த்தார். ஒரு நாளை இழந்ததற்கு ஈடாக 24 மணி நேரம் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் பின்னுக்குத் தள்ளியதெல்லாம் சேர்த்து 23 மணி நேரமே வந்தது. இரண்டு நாள் மேசையில் இதே பேச்சு. நாங்கள் புறப்பட்டது பிரிட்டனின் குளிர்கால நேரத்தில், திரும்புவது மார்ச் இறுதியில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்ட கோடை நேரத்துக்கு என்பதை என் கணவர்தான் எடுத்துச் சொன்னார்.

இறங்குவதற்கு முந்தைய இரவு, அடுத்த ஒப்பந்தம் எப்போது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு வருவாராம். அடுத்த ஆண்டு உலகச் சுற்றுக்கும் அவரைப் போட்டிருக்கிறார்களாம், ஆனால் அது கிழக்கு நோக்கியதாம். கிழக்கே போகும்போது கடிகாரம் மாறும் நாளுக்கு 23 மணி நேரம்தான். சில கப்பல்களில் கடிகாரத்தை இரவில் மாற்றாமல் நண்பகல் பன்னிரண்டிலிருந்து நேரே ஒரு மணிக்கு நகர்த்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உறக்கம் தப்பும், மதிய உணவுக்கும் தேநீருக்கும் இடையே அவர் கால் நீட்டிப் படுக்கும் நேரம் போய்விடும். எது பரவாயில்லை என்று கேட்டதற்கு, சற்றும் யோசிக்காமல், "மத்தியானமே போட்டும்மா, ராத்திரித் தூக்கம் வேணும்" என்றார்.