ஆய்வகக் காற்றுக்கு ஆகும் செலவு: ஒரு பசுமைக் கட்டட அனுபவம்

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலத்துக்குப் புதுக் கட்டடம் எழுந்தபோது, ஏர்கான், காற்றோட்ட வடிவமைப்பு எங்கள் குழுவிடம் வந்தது. கட்டடங்களுக்குப் புள்ளி போட்டுத் தரம் பிரிக்கும் மலேசியாவின் பசுமைக் கட்டடக் குறியீட்டில், அதாவது ஜிபிஐயில், தங்கத் தரம் வேண்டும் என்று பல்கலைக்கழகம் முதலிலேயே சொல்லிவிட்டது. 100 புள்ளிகளில் 76 முதல் 85 வரை எடுத்தால் தங்கம். அதில் ஆற்றல் சிக்கனத்துக்கு மட்டும் 35, தண்ணீருக்கு 10தான்.

ஆரம்பக் கூட்டங்களில் பாதி நேரம் கூரையில் எத்தனை சோலார் தகடு வைக்கலாம் என்பதிலேயே போனது. சோலார் நல்லதுதான். ஆனால் உள்ளே மின்சாரம் கொட்டிக்கொண்டிருக்கும்போது மேலே தகடு அடுக்கி என்ன பயன்? முதலில் வெயிலையும் காற்றையும் பார்ப்போம் என்று பிடிவாதமாக நின்றோம்.

வெயில் விஷயம் கட்டடக் கலைஞரின் கையில் இருந்தது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகைதான் வடக்கே. உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். அதனால் வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சின்னத் தாழ்வாரம் போதும். தொல்லை மேற்குதான். மாலை வெயில் சாய்வாக வந்து தாழ்வாரத்துக்கு அடியில் நுழைந்துவிடும். எங்கள் மனையோ சரிவான நிலம், நீளப் பக்கத்தில் ஒரு பகுதி மேற்கைப் பார்த்தே அமைய வேண்டியிருந்தது. படிக்கட்டு, லிஃப்ட், கழிவறை, குழாய்கள் ஏறும் தண்டு எல்லாவற்றையும் அந்தப் பக்கம் தள்ளி, ஆய்வகங்களை வடக்கு தெற்காகத் திருப்பினார்கள். வெளிச்சுவர் வழியாகச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 50 வாட்டுக்கு மேல் வெப்பம் வரக் கூடாது என்கிறது கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கான மலேசியத் தரநிலை எம்எஸ் 1525. விலை உயர்ந்த கண்ணாடியைப் பெரிதாக நம்பாமலே அதற்குள் வந்துவிட்டோம்.

அப்புறம் காற்று. அலுவலகக் கட்டடத்தில் குளிரூட்டிய காற்றில் பெரும்பங்கைத் திரும்பச் சுழற்றலாம். வேதியியல் ஆய்வகத்தில் அது முடியாது. நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கதவுப் பெட்டியான ஃபியூம் ஹூட் இழுக்கும் காற்று கூரைக்குப் போய் வெளியேறியே ஆக வேண்டும். 1.2 மீட்டர் அகல ஹூடின் கண்ணாடிக் கதவு அரை மீட்டர் திறந்திருந்தால், விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில், ஒவ்வொரு விநாடியும் 0.3 கன மீட்டர் காற்று போகும். அதற்கு ஈடாக வெளியிலிருந்து வருவது கோலாலம்பூரின் புழுக்கக் காற்று. அதைக் குளிர்வித்து, ஈரத்தைப் பிழிந்தெடுக்க, வீட்டில் மாட்டும் ஒரு குதிரைத்திறன் ஏர்கான் ஆறேழு ஓடுகிற அளவுக்குக் குளிரூட்டும் திறன் வேண்டும். ஒரே ஒரு ஹூடுக்கு! இந்தக் கணக்கை வெள்ளைப் பலகையில் போட்ட பிறகுதான் கூட்டத்தில் பேச்சு மாறியது.

ஆய்வகப் பொறுப்பாளராக இருந்த அக்காவை இணங்க வைப்பது சுலபமாக இல்லை. "தம்பி, உள்ள நின்னு ஆசிட்ல வேலை செய்யுறது பிள்ளைங்க. எனக்குப் பாதுகாப்புதான் முதல்ல, கரண்ட் பில் எல்லாம் அப்புறம்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதை விட்டுவிட்டு, பழைய ஆய்வகத்தில் ஒவ்வொரு ஹூடாக அவருடனே போய்ப் பார்த்தோம். பல ஹூடுகளில் சோதனையே நடக்கவில்லை. கரைப்பான் புட்டிகள்தான் அடுக்கி வைத்திருந்தன. வாசனை வராமல் இருக்க அங்கே வைத்திருக்கிறார்கள். புட்டிகளுக்குக் காற்றோட்டமுள்ள தனி அலமாரி போதும், அதற்குத் தேவைப்படும் காற்று மிகக் குறைவு. எந்த ஹூட் வேண்டும், எது வேண்டாம் என்று அக்காவே பட்டியல் எழுதிக் கொடுத்தார். இருப்பவற்றுக்கு, கதவை இறக்கினால் காற்றின் அளவும் குறைகிற கட்டுப்பாட்டு வால்வு போட்டோம். வெளியேறும் குளிர்ந்த காற்றில் ரசாயன ஆவி இருப்பதால், அதன் குளிர்ச்சியை உள்ளே வரும் காற்றுக்கு நேரடியாக மாற்றும் சுழல் சக்கரம் வைக்க முடியாது. காற்று வெளியேறும் பக்கமும் உள்ளே வரும் பக்கமும் குழாய்ச் சுருள் வைத்து, நடுவே தண்ணீர் சுற்றவிட்டுக் குளிர்ச்சியை மீட்டோம்.

கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டமைப்பு ஆய்வகத் தளம். உத்தரங்களை முறித்துப் பார்க்கும் இடம், ஆகவே மிகத் தடிமனான கான்கிரீட். சிமெண்டில் பாதிக்குப் பதிலாக இரும்பாலைக் கசடுத்தூள் கலந்தார்கள். கரிம உமிழ்வு குறைவது ஒரு பக்கம். தடித்த கான்கிரீட் இறுகும்போது உள்ளே எழும் சூடும் குறையும், விரிசல் பயம் தணியும். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அண்ணனுக்கு மட்டும் கவலை. கசடுக் கலவை ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலுவேறும், பலகை பிரிப்பது தள்ளிப்போகும். கான்கிரீட் கட்டியை நசுக்கி வலுவை அளக்கும் 7 நாள் கனசதுரச் சோதனை முடிவு கைக்கு வரும்வரை பக்கவாட்டுப் பலகையைத் தொடவிடவில்லை அவர். 28 நாள் முடிவு வந்ததும் ஆளுக்கொரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்தார்.

மழைநீர்த் தொட்டிக்குப் பெரிய பாராட்டு கிடைத்தது. வலை சரியாக மாட்டாவிட்டால் ஏடிஸ் கொசு வளரும், அவ்வளவுதான் அதில் கவனிக்க வேண்டியது.

ஒப்படைப்புக்கு முன் ஹூடுகளுக்குப் புகைச் சோதனை. ஒரு ஹூடில் மட்டும் புகை கதவுக்கு வெளியே சுருண்டு வந்தது. விசிறி சரி, வால்வு சரி. அண்ணாந்து பார்த்தால், கூரை விளக்கு இடம் மாறியதில் ஏர்கான் காற்று வாய் நேராக ஹூடின் முகத்துக்கு மேலே வந்திருந்தது. வாயைத் தள்ளி வைத்ததும் புகை அடங்கியது. ஆற்றல் சேமிக்கிறோம் என்று சொல்கிற கட்டடத்தில் ஒரு மாணவரின் மூச்சில் ஆவி கலந்தால் அந்தப் புள்ளிகளுக்கு அர்த்தமே இல்லை. அதனால் இந்தச் சோதனைக்கு எவ்வளவு நேரம் கேட்டாலும் கொடுங்கள்.

ஜிபிஐ சான்றிதழ் வடிவமைப்பு நிலையில் தற்காலிகமாகக் கிடைக்கும். கட்டி முடித்த பிறகு மறுபடி சரிபார்ப்பு. அப்புறம் 3 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்காகவே ஆய்வகத்துக்கு ஆய்வகம் தனி மீட்டர் வைத்தோம். இரவு நேர மின்சாரம் ஏறினால் எங்கோ ஹூட் கதவு திறந்து கிடக்கிறது என்று பொருள். இப்போது அந்த எண்களை இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் திட்டப்பணிக்காகத் தொகுக்கிறார்கள். எந்த அறை என்று அக்காவுக்குக் காலையிலேயே செய்தி போய்விடுகிறது.