ஹேர்நெட்

பிப்ரவரி 6
ரெண்டாவது டோஸ் முடிஞ்சுது. வாய் பூரா இரும்பு ருசி. ரசம்கூட எறங்கல.

பிப்ரவரி 8
தூக்கம் வரல. கீழ் வீட்டுக் கிழவி குடுத்த டிவிடி பொட்டியப் பிரிச்சேன். கொரனேஷன் ஸ்ட்ரீட்னு ஒரு பிரிட்டிஷ் டிவி சீரியல், மொத எபிசோடு, 1960 டிசம்பர் 9, லைவா போனதாம். ஊருக்கு வெதர்ஃபீல்டுன்னு பேரு வச்சிருக்காங்க, ஆனா பாத்தா நம்ம சால்ஃபர்ட் தெருவேதான். முனைக்கடைய புதுசா ஒருத்தி எடுத்து நடத்த வந்திருக்கா, தெருக்காரி ஈனா ஷார்ப்பிள்ஸ் உள்ள நொழையறா, கடைக்காரி எந்த சர்ச்சு, புருஷன் இருக்கானா செத்துட்டானான்னு ஒரே விசாரணை, இதுக்கு நடுவுல கேக்கு வேற, எக்ளேர் மட்டும் வேண்டாமாம். மணி மூணு. தனியா சிரிச்சிட்டிருந்தேன்.

பிப்ரவரி 9
தலகாணில முடி.

பிப்ரவரி 11
ஈனா தலைல இருக்கற அந்த ஹேர்நெட்டயே பாத்துட்டிருக்கேன். கடைக்குப் போனாலும் சண்டைக்குப் போனாலும் அதே வலை, அதே முரட்டு கோட்டு. வலைக்குள்ள ஒரு முடி நகராது. அது யார்கிட்டயும் அழகா தெரியணும்னு போட்டதில்ல, அதான் எனக்குப் பிடிச்சிருக்கு. அக்கா வீடியோ கால்ல விக் லிங்க் அனுப்பறேன்னா, வேணாம்னு வச்சுட்டேன்.

பிப்ரவரி 12
ஈனாவா நடிச்ச அம்மா பேரு வயலெட் கார்சன், மொத எபிசோடப்ப 62 வயசு. பேசாப் படம் ஓடின காலத்துல தியேட்டர்ல பியானோ வாசிச்சவங்க, அப்புறம் ரேடியோல குழந்தைங்களுக்கு ஆன்ட்டி வை. சீரியல் கதை எழுதின டோனி வாரன் சின்னப் பையனா அதே ரேடியோல நடிக்கறப்ப, சும்மா இருக்கலைன்னா அடி விழும்னு மெரட்டிருக்காங்க. ஈனா வேஷத்துக்கு யாருமே சரியா அமையாதப்ப அவருக்கு இவங்க ஞாபகம் வந்திருக்கு, அப்ப அவருக்கு 24. அடிக்க வந்தவங்கள மறக்கமாட்டோம்ல.

இவங்க பேர்ல ஒரு ரோஜாவே இருக்காம். ஹேர்நெட் போட்ட ரோஜா.

பிப்ரவரி 14
லெட்டர் வரல. ஃபோன்ல நாப்பது நிமிஷம் மியூசிக் கேட்டேன், கட் ஆயிடுச்சு.

பிப்ரவரி 15
சீரியல்ல, யாரோ பேர் போடாம எழுதின லெட்டர் அதே தெரு எல்ஸி டேனருக்கு வந்திருக்கு, ஈனாதான் எழுதினான்னு நடுத்தெருவுல நின்னு கத்தறா. ஈனா வாசல்ல வந்து திருப்பிக் கத்தறா. ஜன்னல் ஜன்னலா தலைங்க. எனக்கும் அப்படிக் கத்தணும்போல இருக்கு. தபால்காரர் இன்னிக்கும் பீட்சா நோட்டீஸ்தான் போட்டுட்டுப் போனாரு.

பிப்ரவரி 17
கிழவி சூப் கொண்டுவந்தாங்க. அவங்களுக்கு அஞ்சாறு வயசுல, ஈனா பேச ஆரம்பிச்சா பாட்டி "இவ நம்ம தெருக்காரி"ன்னு டிவிய அணைக்க விடமாட்டாங்களாம். ஈனாவுக்கு மிஷன் ஹால்ங்கற ஜெபக்கூடத்தக் காக்கற வேலை, ஹார்மோனியம் வாசிப்பா, ஊரு பூரா பாவம்னு திட்டுவா, சாயங்காலமானா ரோவர்ஸ் பார்ல அந்த ஒதுக்குப்புற ரூம்ல மின்னி, மார்த்தா கூட உக்காந்து மில்க் ஸ்டவுட்டு. அது பீரு இல்லையாம்மா? "அது மருந்து லவ்"ங்கறாங்க.

மூணு பேரும் ஒரே பெஞ்சுல வரிசையா. எனக்கு இந்த ஊர்ல ஒரு பெஞ்சு இல்ல.

பிப்ரவரி 19
பாத்திருக்கக் கூடாது. 1964 எபிசோடு. பாருக்குள்ள எல்லாரும் பாடிட்டிருக்காங்க, மார்த்தா ஸ்பெயினுக்குப் போக புதுசா பாஸ்போர்ட் எடுத்திருக்கா, அந்த ரூம்ல தனியா உக்காந்தவ மேஜைமேலயே சாய்ஞ்சுட்டா. கடைசில பேருங்க ஓடறப்ப எப்பவும் வர்ற அந்த மியூசிக் இல்ல. புதுசா வந்த ப்ரொட்யூசர் ஆளக் கொறைக்கணும்னு முடிவு பண்ணிட்டாராம், அவ்ளோதான் காரணம். அந்த பாஸ்போர்ட்டு அப்புறம் என்ன ஆச்சு? மேஜ ட்ராயரத் தொறந்து என்னோடத ஒருதடவ பாத்தேன்.

பிப்ரவரி 20
டிவி போடல.

பிப்ரவரி 22
மார்க்கெட்ல ஹேர்நெட் கெடச்சுது, மூணு சேந்தது ஒரு பாக்கெட். உள்ள அடக்கறதுக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சு. கிழவிதான் பின்னு குத்திவிட்டாங்க, கண்ணாடில பாத்துட்டு "இன்னும் மூஞ்சிய முறைச்சு வச்சுக்கோ"ங்கறாங்க. முறைச்சேன்.

பிப்ரவரி 23
பழுப்புக் கவர் வந்திருக்கு. கிழவி வரட்டும், அப்புறம் பிரிக்கறேன்.