ஈரானுக்கென்று துபாயில் ஓர் அலுவலகம்

2005-லிருந்து ஒன்பது வருஷம் துபாயில், தேரா பக்கம் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் பில் போட்டேன். பனியாஸ் ரோட்டில் இறங்கினால் க்ரீக் ஓரமாக மர லாஞ்சுகள் வரிசையாக நிற்கும். டயர், ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டை எல்லாம் கரையிலேயே குவிந்து கிடக்கும். எங்கள் சரக்கில் பாதி ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குத்தான். பில்லுக்காகப் பாரசீக எண்களைக் கற்றுக்கொண்டேன். யேக், தோ, சே என்று எண்ணத் தொடங்கினாலே லாஞ்சுக்காரர்கள் டீ கொடுப்பார்கள்.

அதே ஊரில்தான் 2006-ல், ஈரானைக் கவனிப்பதற்கென்றே அமெரிக்க வெளியுறவுத்துறை தன் துணைத் தூதரகத்தில் ஓர் அலுவலகம் வைத்தது. வாஷிங்டனிலும் அந்த வருஷமே தனிப் பிரிவு வந்தது. 1979 நவம்பரில், ஈரானின் தலைநகர் டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது. 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1980-லேயே உறவு முறிந்தது. அங்கே அமெரிக்காவின் காரியங்களை ஸ்விட்சர்லாந்துதான் பார்க்கிறது. இத்தனை வருஷத்தில், ஈரானில் வேலை பார்த்த அனுபவம் உள்ள அதிகாரிகள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அறிமுகமே இல்லாத ஊரைப் பற்றி முடிவெடுப்பது எவ்வளவு ஆபத்து!

துபாய் ஏற்பாட்டுக்கு முன்மாதிரி லாட்வியாவின் தலைநகர் ரீகா. சோவியத் யூனியனை அமெரிக்கா 1933 வரை அங்கீகரிக்கவில்லை. அதுவரை அந்த ஊரில் இருந்துகொண்டு ரஷ்யாவைக் கவனித்தவர்களில் அமெரிக்க ராஜதந்திரி ஜார்ஜ் கெனனும் ஒருவர். மாஸ்கோவில் தூதரகம் திறக்கப் போனபோது ரஷ்ய மொழி தெரிந்த ஆளாக அவர் தயாராக இருந்தார். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் 2006-ல் ஒரு தவறும் கூடவே நடந்தது. ஈரானில் ஜனநாயகத்தை வளர்க்க என்று சொல்லி அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் அந்த பிப்ரவரியில் 7.5 கோடி டாலர் கேட்டார். அந்தப் பணம் எங்களுக்கே ஆபத்து என்று, நோபல் பரிசு பெற்ற ஈரானிய மனித உரிமை வழக்கறிஞர் ஷிரின் எபாடி போன்றவர்கள் சொன்னார்கள். சரிதானே? ஒரு கையால் ஆட்சியை அசைக்கப் பார்த்துக்கொண்டு, இன்னொரு கையால் பேச வா என்று கூப்பிட்டால் யார் நம்பி வருவார்கள்? கேட்பதற்கு வைத்த அலுவலகத்தைக் கேட்பதற்கு மட்டும் விட்டிருக்க வேண்டும்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், வயதானவர், அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்க விசா நேர்காணலுக்குப் போய்விட்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அமெரிக்கர் பாரசீகத்தில் பேசினாராம். விசா பற்றிப் பேச்சே இல்லை. அந்த உச்சரிப்பு டெஹ்ரானா, ஷிராஸா என்று மகனோடு அரைமணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தார்.